நாற்பதடி

பாலத்தில் ஏறியதும்
வெண்டல் வானொலியை நிறுத்தினான்.
சேற்று நாற்றம் வண்டிக்குள் வந்தது.
இருவரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.
அம்மா சிப்பி உடைத்துவிட்டுத் திரும்பும் மாலைகளில்
அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்த நாற்றம்.

வீட்டை விற்கும் பத்திரத்தில் கையெழுத்து
மூன்று மணிக்கு.
இப்போது பதினொன்றேகால்.
"குதிரை பாத்துட்டு வரலாமா?"
பதினாறு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட
முதல் கேள்வி,
வழக்கறிஞர் வழியாகக் கேட்டவற்றைக் கழித்துவிட்டால்.

சரணாலய வாயிலில் பச்சைத்தொப்பிப் பெண்
சீட்டோடு ஒரு துண்டுத்தாளும் நீட்டினாள்.
தீனி போடக் கூடாது.
தொடக் கூடாது.
நாற்பதடி தள்ளியே நிற்க வேண்டும்.
"நாற்பதடின்னா எவ்வளவு?"
"ஒரு பள்ளிப் பேருந்து நீளம்."

அது எங்களுக்குப் பழகிய தூரம்தான்.
அப்பாவைப் புதைத்த அன்று
குழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக
நாங்கள் நின்றது அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

வண்டுகள் தின்று நட்டமாய் விட்டுப்போன பைன் மரங்கள்.
அப்புறம் சதுப்பு, அப்புறமும் சதுப்பு,
ஒற்றைக்காலில் ஒரு வெண்கொக்கு,
கண்ணுக்கெட்டிய கடைசியில்
ஏழெட்டுப் பழுப்புப் புள்ளிகள்.
இவ்வளவுக்கா பணம் கொடுத்து வந்தோம் என்ற முகத்துடன்
தொலைநோக்கியை இறக்கிய ஒஹாயோக்காரர் கேட்டார்:
"எல்லாமே சினையா?"
வெண்டல் அவருக்குச் சொன்னான்:
இல்லைங்க, உப்புப்புல்.
தின்னத் தின்னத் தாகம்,
குடிச்சுக் குடிச்சு ஊதின வயிறு.
திரும்பிப் பார்த்தேன்.
பேசியது அப்பாவின் தொண்டை.

ஒவ்வொரு ஜூலையிலும்
தீயணைப்புப் படையினர் இந்த மட்டக்குதிரைகளை
கால்வாயில் நீந்தவிட்டு ஊருக்குள் ஓட்டி வருவார்கள்.
குட்டிகளுக்கு ஏலம்.
ஒன்பது வயது வெண்டல்
கழுத்தில் உட்கார்ந்த கொசுவை அடிக்கக் கை தூக்கினான்.
ஏலக்காரர் அவனைப் பார்த்து விரல் நீட்டினார்.
மேலே கேட்க ஆளில்லை.
வெள்ளைநெற்றிக் குட்டியொன்று
எங்கள் தலையில் விழுந்தது.
அப்பா திட்டவில்லை.
பதினோரு மாதம் தவணை கட்டினார்,
குட்டியை இந்தத் தீவிலேயே திருப்பி விட்டார்.
எனக்கு வரவேண்டிய சைக்கிள்
அந்த வருடமும் வரவில்லை.

இதைச் சொல்லித்தான் ஒருமுறை சண்டையைத் தொடங்கினேன்.
முடித்தது வேறெதிலோ.

திரும்பும் வழியில்
புல்லுக்குள்ளிருந்து அவள் தாரில் ஏறினாள்.
கிழட்டுப் பெட்டை. விலாவில் உலர்ந்த சேறு,
கண்ணைச் சுற்றி ஈக்கள்.
எங்களை நோக்கி வந்தாள்.
முப்பதடி.
பத்து.
அவளிடம் யாரும் துண்டுத்தாள் கொடுக்கவில்லை.
பக்கக் கண்ணாடியில் படிந்திருந்த கடலுப்பை
நிதானமாக நக்கத் தொடங்கினாள்.
குளிர்சாதனம் கெட்டுப்போன வண்டி.
வெண்டல் ஜன்னலை ஏற்றினான்,
இரண்டு விரற்கடை விட்டு.
அந்த இடுக்கு வழியே
அவளுடைய மூச்சும் பத்திருபது கொசுக்களும்.

ஒன்று அவன் பிடரியில் உட்கார்ந்தது.
அவன் அசையவில்லை,
குதிரையைப் பார்த்தபடி வாய் திறந்திருந்தான்.
ஓங்கி ஒரு அறை வைத்தேன்.

உள்ளங்கையில் ரத்தம்.
அதற்கு முன் அது என் முழங்கையிலும் உட்கார்ந்திருந்தது,
ஆகவே யாருடையதென்று சொல்ல முடியாது.
வெண்டல் பிடரியைத் தடவிக்கொண்டே சொன்னான்:
"கையத் தூக்காத. வித்துடப் போறாங்க."

அவன் சிரித்த பிறகுதான்
எனக்குப் புரிந்தது. சிரித்தேன்.
கிழவி காதை மட்டும் திருப்பினாள்,
இன்னொரு கண்ணாடிக்கு நடந்தாள்.

இரண்டு நாற்பது.
பின்னால் ஒன்பது வண்டிகள்.
ஒலிப்பான் அடிக்கக் கூடாதென்று
அந்தத் தாளில் எங்கும் இல்லை, பார்த்துவிட்டேன்.
வெண்டல் என்ஜினை அணைத்தான்.